காப்பி மில்லுக்கு ஒரு திருகு

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் கிடையாது, லேத் இருக்கிறது. கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் கீழே ஒரு கார் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டில் மட்டும் ஆள் நீளத்துக்கு இரும்பு படுத்திருக்கிறது. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னோடு ஓய்வு பெற்றவர்கள் கையில் வந்த பணத்தில் ஃப்ளாட் வாங்கினார்கள், காசி ராமேஸ்வரம் போனார்கள். நான் ஹவுராவில் பழைய மெஷின் விற்கிற இடத்துக்குப் போய் இதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். லாரியிலிருந்து இறக்கும்போது என் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மத்தியானம் தூங்குற நேரத்துல ஓட்டக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளை எனக்குப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கொஞ்ச வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் சாம்பார் கரண்டியில் தெரிந்தது, பிறகு கையெழுத்தில். பாலிகஞ்சில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் என்னை ஒரு வட்டம் வரையச் சொன்னார். நான் வரைந்தது ஜாங்கிரி மாதிரி இருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இது உங்களை விட்டுப் போகவும் போகாது என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் டாக்டரையும் டாக்ஸிக்காரரையும் ரோட்டில் இருந்த பள்ளங்களையும் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டினேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் பயம். இனி லேத்தில் மரை போட முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான்.

மரை போடுவதைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு ஆணியைத் திருகாணி ஆக்குகிற அந்தச் சுற்றுப் பள்ளம்தான் மரை. லேத்தில் கம்பி சுழலும். கம்பியைச் சீவுகிற டூல் ஒரு சின்ன வண்டியில் உட்கார்ந்து பக்கவாட்டில் நகரும். அந்த வண்டியை இழுத்துப் போவது மெஷினின் முன்பக்கம் நீளமாக ஓடும் லீட் ஸ்க்ரூ என்ற பெரிய திருகு. கம்பியின் சுழற்சிக்கும் லீட் ஸ்க்ரூவுக்கும் நடுவில் கியர்கள். ஒரே தடவையில் மரை வந்துவிடாது. தலைமுடி கனத்துக்குச் சீவிவிட்டு, வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து, அதே பள்ளத்தில் மறுபடி இறங்கி, மறுபடி சீவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் மரை முடிகிற இடத்தில், கம்பியின் பருத்த பாகத்தில் மோதுவதற்கு முன்னால், ஒரு கையால் டூலைப் பின்னால் இழுத்து அதே நொடியில் மறு கையால் வண்டியின் பிடியை விடுவிக்க வேண்டும். கண் சிமிட்டும் நேரம் பிந்தினால் போச்சு. தொழிற்சாலையில் இருந்த காலம் முழுக்க, பக்கத்து மெஷின்காரனோடு அரட்டை அடித்துக்கொண்டே இதைச் செய்தவன் நான்.

லேக் மார்க்கெட்டில் எங்களுக்குக் காப்பிப் பொடி அரைத்துத் தரும் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அண்ணாச்சி என்போம். கொல்கத்தாவிலேயே வளர்ந்தவர், ஆனால் வாயைத் திறந்தால் தாமிரபரணிதான் ஓடும். கடைக்குப் போனால் ஒரு டம்ளர் காப்பி தராமல் விடமாட்டார். என் கை நடுங்குவதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மட்டும் பாதி டம்ளர்தான் ஊற்றுவார். சட்டையில் சிந்திவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். இருந்தாலும் அந்தப் பாதி டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய காப்பி மில் அவரைவிட வயதானது. அரைக்கிற இரண்டு தட்டுகளுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு திருகு உண்டு. போன மழைக்காலத்தில் அந்தத் திருகின் மரை தேய்ந்து மழுங்கிப் போயிற்று.

"பொடி கேட்டா ரவை வருது சார்" என்றார் அண்ணாச்சி. "மில்லையே மாத்தும்னு எல்லாவனும் சொல்லுதான். எனக்கு மனசு வரல. இந்தத் திருகு ஒண்ணை மட்டும் நீங்க போட்டுத் தந்திருங்களேன்."

பார்க்கலாம் என்று பிடிகொடுக்காமல் சொல்லிவிட்டு, பழைய திருகை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் அளந்து பார்த்தால் அது இன்ச்சுக்கும் சேரவில்லை, மில்லிமீட்டருக்கும் சேரவில்லை. எந்தப் புண்ணியவான் எந்த நினைப்பில் வைத்த மரையோ! என்னிடம் இருந்த கியர்களில் எதை மாட்டினாலும் அது வராது. அது கிடக்கட்டும், முதலில் கை சொன்னபடி கேட்கிறதா பார்ப்போம் என்று ஒரு வீணான கம்பியில் சாதாரண மரை ஒன்று போட்டுப் பார்த்தேன். இரண்டாம் தடவையே கை பிந்திவிட்டது. டூல் போய் மோதி உடைந்த சத்தம் கேட்டு மாடியிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள்.

"அண்ணாச்சியோட திருகை என்னால போட முடியலைன்னா இந்தச் சனியன் ஹவுராவுக்கே திரும்பிப் போகட்டும்!" என்று கத்தினேன்.

"சரி" என்றாள்.

"சரின்னா என்ன அர்த்தம்?"

"நீங்க சொன்னதுக்குச் சரி. ஆனா அண்ணாச்சி திருகை இன்னும் போட்டே பார்க்கலையே."

அதற்கு மேல் அவளோடு பேசிப் பயனில்லை. ஆனால் கோபத்தில் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். அந்தத் திருகு வரவில்லை என்றால் லேத்தை விற்றுவிடுவது என்று நானே மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். கை போன பிறகு அதைத் தினம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

அந்த வாரம்தான் இணையத்தில் அந்த யோசனை கண்ணில் பட்டது. கியர்களையெல்லாம் கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டியது. கம்பி எவ்வளவு சுழல்கிறது என்று பார்க்க மெஷினில் ஒரு கண்ணை, சென்சார் என்பார்கள், பொருத்த வேண்டியது. லீட் ஸ்க்ரூவைச் சுழற்ற அதற்கென்று தனியாக ஒரு மோட்டார். கண் பார்த்ததை மோட்டாருக்குச் சொல்ல, நடுவில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு போர்டு. என்ன மரை வேண்டும் என்று எண்ணைத் தட்டினால் போதும், இன்ச்சோ மில்லிமீட்டரோ அண்ணாச்சி மில்லோ அதற்கு எல்லாம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, மரை முடிகிற இடத்தில் வண்டி தானாக நின்றுகொள்ளும். நான் என் நிதானத்துக்கு டூலைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். இரண்டு இரும்பை ஒன்றோடொன்று பேச வைக்க நடுவில் மூன்றாவது இரும்பு வேண்டும் என்றுதான் ஆயுள் முழுக்க நம்பியிருந்தேன்.

வேலை ஆரம்பித்தது. போர்டும் மோட்டாரும் சாந்தினி மார்க்கெட்டில் கிடைத்தன. கண் பார்ப்பதற்குச் சுற்றிலும் சீப்பு மாதிரிக் கீறல்கள் உள்ள ஒரு வட்டத் தட்டு வேண்டும். அதை வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை செய்கிற ஒரு கடையில் கறுப்பு அக்ரிலிக்கில் வெட்டி வாங்கினேன். "எதுவுமே எழுத வேண்டாமா?" என்று கடைக்காரர் பலமுறை கேட்டார். தட்டு சுழலும்போது கீறல் வழியாக வெளிச்சம் வரும், மறையும், வரும். கண் அதை எண்ணிக்கொண்டே இருக்கும். போர்டுக்குள் ஓட வேண்டிய புரோகிராமை முகம் தெரியாத யார் யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சும்மா போட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஒயரை ஈயம் உருக்கிப் போர்டில் பற்ற வைக்கிற சால்டரிங்தான் சிக்கல். சூடான கம்பியைக் கடுகளவு இடத்தில் நிலையாகப் பிடிக்க வேண்டும். நான் பிடித்தால் போர்டு முழுக்கக் கோலம்தான். என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்து என்னை எழுந்திருக்கச் சொன்னாள். ரவிக்கைக்கு ஹூக் தைக்கிற மாதிரியே, உதட்டை லேசாகக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகப் பற்ற வைத்தாள். நான் பின்னால் நின்று குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

முதன்முதலாக ஓட்டிப் பார்த்த காலையை என்னால் மறக்க முடியாது. மெயின் மோட்டாரைப் போடவில்லை. போர்டுக்கு மட்டும் கரண்ட் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடிக்கும் சக் என்ற உருளையைக் கையாலேயே மெல்லத் திருப்பினேன். அந்தப் பக்கம், சக்கோடு எந்தக் கியராலும் இணைக்கப்படாத லீட் ஸ்க்ரூ மெல்லத் திரும்பிற்று. நான் நிறுத்தினேன், அதுவும் நின்றது. பின்னால் திருப்பினேன், அதுவும் பின்னால் வந்தது. நகக்கண் அளவு அசைத்தேன். அதற்குத் தக்கபடி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், அதுவும் அசைந்தது. கோயிலில் தீபாராதனையின்போது வருமே, அந்த மாதிரி எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் கை நடுங்கியபோது சக்கும் நடுங்கியது, அப்போது லீட் ஸ்க்ரூவும் கூடவே நடுங்கிற்று. கேலி செய்கிறதோ என்று கூட ஒரு கணம் தோன்றியது. கேலி இல்லை. சொன்னதைக் கேட்கிறது, ஒன்றையும் விடாமல் கேட்கிறது. என் மனைவி தானும் ஒருமுறை சக்கைத் திருப்பிப் பார்த்தாள். "அட!" என்றாள். பிறகு இன்னொரு முறை திருப்பினாள்.

ஒரு பித்தளைக் கம்பியில் போட்டுப் பார்த்த மரை கச்சிதமாக வந்தது. ஆனால் பித்தளை இளக்கமானது, விட்டுக்கொடுக்கும். திருகு எஃகில் அல்லவா வேண்டும்! அதற்கான எஃகுத் துண்டுகள் இரண்டைக் கடைந்து தயாராக வைத்தேன். அதற்குள் பூஜை வந்துவிட்டது. விஜயதசமி அன்று ஆரம்பிப்போம் என்றாள் என் மனைவி. எனக்கும் அது நல்லதாகப் பட்டது.

ஆயுத பூஜை அன்று காலை லேத்தைத் துடைத்து அவள் சந்தனம் குங்குமம் வைத்தாள். மெஷின் தலையில் ஒன்று, போர்டு இருக்கும் பெட்டியில் ஒன்று. கறுப்புத் தட்டின் பக்கமே போகவில்லை. தான் பற்ற வைத்த கண் அங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன! சாயங்காலம் அண்ணாச்சி சுண்டலும் பொரியும் எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்குத் திருகு போடப் போகிற மெஷினைப் பார்க்க வேண்டுமாம். காட்டிவிட்டு, வெற்றிலை பாக்கு எடுத்துவர மாடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். "நம்ம பங்குக்கு ஒரு கும்பிடு போட்டாச்சு சார்" என்றார். அன்று மெஷினைத் தொடக் கூடாது என்பதால் யாரும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. இரும்புச் சீவல் தெறித்துக் கறுப்புத் தட்டில் விழாமல் இருக்க ஒரு ரசகுல்லா டின்னை வெட்டி மூடி செய்து வைத்திருந்தேன். தட்டு இருப்பது மெஷினின் இடது கோடியில், சுவரை ஒட்டி. எட்டி, கைத்தடவலிலேயே டின்னை மாட்டித் திருகினேன். எஃகுத் துண்டைச் சக்கில் பிடித்து, கடுகெண்ணெயைப் பிரஷ்ஷால் தடவி, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். முதல் தடவை தலைமுடி போல அழகான கோடு விழுந்தது. வண்டி சொன்ன இடத்தில் நின்றது. டூலை இழுத்தேன், வண்டி திரும்பி வந்தது, மறுபடி அழுத்தினேன். இரண்டாவது கோடு முதல் கோட்டில் விழவில்லை. பக்கத்தில் விழுந்தது. மூன்றாவது வேறெங்கோ விழுந்தது. எஃகில் மரை வர வேண்டிய இடத்தில் எலி கடித்த மாதிரி ஒரு கோரம்.

குற்றவாளி யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவன் என் வலது தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தான். டூலை இழுக்கும்போது இடித்திருப்பான், டயலை நகர்த்தியிருப்பான், எதையோ செய்திருப்பான். இவ்வளவு ஒயரும் போர்டும் மாட்டியும் அவன் உள்ளே புகுந்துவிட்டான். மெஷினை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பார்க்கில் போட்டிருந்த பூஜைப் பந்தலிலிருந்து டாக் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. துர்க்கையை வழியனுப்புகிற அடி அது. அந்த நேரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஹவுராக்காரரின் நம்பர் போனில் இருக்கிறதா என்று தேடினேன், இருந்தது.

அப்போது என் மனைவி வந்தாள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணி, அண்ணி என்பதுபோல் நாங்கள் பௌதி என்று கூப்பிடுகிறவர், அவளைப் பந்தலுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார். தசமி அன்று இங்கே சுமங்கலிகள் துர்க்கைக்குச் சிந்தூரம் வைத்துவிட்டு ஒருவர் முகத்தில் ஒருவர் பூசி விளையாடுவார்கள். நெற்றி, கன்னம், மூக்கு நுனி எல்லாம் சிவக்க, முகத்தில் வேறு இடமே இல்லாமல் வந்து நின்றாள். கெட்டுப்போன துண்டைப் பார்த்தாள். என் முகத்தையும் கையில் இருந்த போனையும் பார்த்தாள்.

"முதல்ல என் பக்கம் தப்பு இருக்கான்னு பார்க்கிறேன்" என்றாள். "ஒயர் ஏதாவது விட்டிருந்தா அப்புறம் ஆயுசுக்கும் என்னைச் சொல்லுவீங்க."

"ஒயர்ல ஒண்ணும் இல்ல. கைதான்."

அவள் காதில் வாங்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ரசகுல்லா டின்னைக் கழற்றினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் மட்டும்தான் சிந்தூரம் விளையாடிட்டு வந்தேன்னு நினைச்சேன். உங்க மெஷினும் ஆடியிருக்கு, வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தேன். கறுப்புத் தட்டின் விளிம்பில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். காய்ந்து, கீறல்களுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டிருந்தது. கறுப்பாக, வழவழவென்று, வட்டமாக இருந்ததும் அண்ணாச்சிக்குச் சாமியாகத் தெரிந்திருக்கிறது. வெறும் நெற்றியோடு ஒரு சாமியை விட்டுவைப்பாரா மனிதர்! தட்டு ஒவ்வொரு சுற்று வரும்போதும் பொட்டு இருந்த இடத்தில் கண்ணுக்கு வெளிச்சம் கிடைக்கவில்லை. கம்பி இன்னும் முழுச் சுற்று வரவில்லை என்று அது நம்பிக் கொஞ்சம் பிந்தி நின்றிருக்கிறது. அந்தக் கொஞ்சம் சேர்ந்து சேர்ந்துதான் மரை தடம் மாறியிருக்கிறது. முந்தின நாள் பூஜை என்றோ அண்ணாச்சி பக்திமான் என்றோ அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் பிரமிப்புதான் வந்தது. ஒரு பொட்டைக்கூட விட்டுவிடாமல் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறதே!

அப்புறம்தான் மெல்ல உறைத்தது, கை இல்லை. கையால் வந்த தப்பு இல்லை. ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்துகொண்டேன். "போனைக் கீழ வைங்க" என்றாள் என் மனைவி.

அவளே பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு கீறலாகச் சுத்தம் செய்தாள். அவள் கன்னத்துச் சிந்தூரம் தட்டில் உதிர்ந்துவிடப் போகிறதே என்று நான் கத்த, போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி துடைத்தாள். இரண்டாவது துண்டைச் சக்கில் பிடித்தேன். எண்ணெய் தடவினேன். அழுத்தினேன். டூல் போயிற்று, நின்றது. என் நேரம் எடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து டூலைப் பின்னால் எடுத்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. வண்டி திரும்பி வந்து, கம்பி சரியான இடத்துக்குச் சுழன்று வரும் வரை காத்திருந்து, அதே பள்ளத்தில் இறங்கிற்று. மறுபடியும் அதே பள்ளத்தில். ஒவ்வொரு தடவையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், ஒவ்வொரு தடவையும் அது தன் பழைய தடத்துக்கே வந்தது. கடுகெண்ணெய் புகைந்து ஷெட் முழுக்க மீன் வறுக்கிற வீட்டு வாசனை. துர்க்கையை ஏற்றிக்கொண்டு லாரி எங்கள் தெருவைத் தாண்டிப் போனதுகூட எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

கழற்றித் துடைத்து, நகத்தை மரையின் மேல் மெல்ல ஓட்டிப் பார்த்தேன். முனையிலிருந்து முடிவு வரை ஓட்டினேன், திருப்பி ஓட்டினேன். விரல்தான் நடுங்கியது. இரும்பில் எங்கே தேடியும் அந்த நடுக்கம் இல்லை.

பூஜை விடுமுறை முடிந்து அண்ணாச்சி கடை திறந்த அன்று இருவரும் லேக் மார்க்கெட்டுக்குப் போனோம். அண்ணாச்சியை ஒரு பிடி பிடிப்பது என்று மெட்ரோவில் போகும்போதே வசனம் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் திருகை வாங்கி மில்லில் வைத்து இரண்டே விரலால் சுற்றினார். வெண்ணெயில் இறங்குவது போல் கடைசி வரை இறங்கிற்று. கொட்டையைப் போட்டு ஓட்டினார். பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"நான் அன்னைக்கே அந்தக் கறுப்புச் சாமிக்குப் பொட்டு வச்சேம்லா சார்" என்றார். "அந்த ராசிதான் இப்படி அமைஞ்சிருக்கு."

நான் வாயைத் திறந்தேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"கையோட இன்னொண்ணும் போட்டு வச்சிருங்க சார்" என்றார் அண்ணாச்சி. "எனக்குப் பொறவும் மில்லு ஓடணும்லா."

"செஞ்சு தரேன்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. கை நடுங்க ஆரம்பித்த பிறகு இந்த வார்த்தையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. யார் என்ன கேட்டாலும் பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு அது தெரியும். அவள் கடைக்கு வெளியே டிராம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதுப் பொடியில் காப்பி போட்டு, வழக்கம்போல எனக்குப் பாதி டம்ளர் நீட்டினார்.

"முழுசா ஊத்துங்க அண்ணாச்சி."

ஊற்றினார். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். கொஞ்சம் சட்டையில் சிந்தியது, சிந்தட்டும்.